தொப்பூர் இறக்கத்து நத்தை

ஏனுங்க,

இன்றைக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் பீரோவைத் திறந்தேன். ஃபார்மலின் வாடை குப்பென்று கண்ணில் ஏறியது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீங்கள் ஒருநாளும் மோந்து பார்க்காத வாடை இது. எனக்கு மட்டும் இது எப்படியோ உங்கள் வாடையாகிவிட்டது.

கல்யாணமான கையோடு என்னை நாமக்கல்லில் விலங்கியல் படிக்கச் சேர்த்துவிட்டு, நீங்கள்பாட்டுக்கு ரிக் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போர்வெல் போடப் போய்விட்டீர்கள். வீட்டில் உங்கம்மாவிடம் மாட்டிக்கொண்டது நான். கட்டிக்கொடுத்த பெண் புழு பூச்சியைப் பார்த்துப் படித்து எந்த வீட்டுக்கு ஆகப்போகிறது என்று அத்தை வெளுத்து வாங்கினார். நீங்கள் போனில் ஒரே பேச்சில் முடித்தீர்கள்: "ஒருக்கா பெயிலானா நிறுத்திக்கலாம்மா. அதுவரைக்கும் உடு."

நல்ல ஆளய்யா நீங்கள்! ஒரு பரிட்சை போனால் படிப்பே போச்சு என்று என் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு, தைரியமாகப் படி என்றீர்கள்.

முதல் வருடச் செய்முறைத் தேர்வில் எனக்குக் கிலி பிடித்தது ஸ்பாட்டரில்தான். மேசைக்கு மேசை ஜாடி இருக்கும். மணி அடிப்பதற்குள் உள்ளே இருப்பதன் பெயர், தொகுதி, அடையாளம் எல்லாம் எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர வேண்டும். மேடத்தைக் கெஞ்சி ஜாடிகளைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். வேலை முடிந்து வண்டி நிழலில் உட்கார்ந்து நீங்கள் கேள்வி கேட்பீர்கள். விலங்கியலில் உங்களுக்கு அட்சரம் தெரியாது. தெரிந்ததெல்லாம் ரோடு. அதனால் பாடத்தையே ரோட்டில் ஏற்றிவிட்டீர்கள், தொகுதி வரிசைப்படி ஊருக்கொரு பிராணியாக. ராசிபுரத்தில் கடற்பஞ்சு. சேலத்தில் நெரிசலில் நிற்கிற வண்டிகள்போலத் துண்டு துண்டாக நாடாப்புழு. டோல்கேட்டில் தேள், கொட்டாமல் விடாதாம். தொப்பூர் இறக்கத்தில் நத்தை. கிருஷ்ணகிரியில் நட்சத்திர மீன். ஓமலூர் மண்புழு வந்தால் மட்டும் உங்களுக்குப் பெருமை தாங்காது. "அவன் நம்ம தொழில்காரன் புள்ள. டீசல் இல்லாமயே போர் போடறான் பாரு."

இங்கே ஸ்பீக்கரில் போட்ட போனுக்குப் பக்கத்தில் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டு, காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

பரிட்சையன்று என்ன கூத்து தெரியுமா? என் முதல் மேசையில் நட்சத்திர மீன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதன் தொகுதி என்ன? நம் வழக்கப்படி ராசிபுரத்திலிருந்து வண்டியைக் கிளப்பினேன். கிருஷ்ணகிரிக்குப் போய்ச் சேர்ந்தால்தானே சொல்ல முடியும். தொப்பூரில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டார்கள். அடுத்த மேசைக்குப் போனால் தேள். இனி ராசிபுரமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று வண்டியை விட்டு இறங்கி, ஜாடிக்குள் இருந்ததை நேராகப் பார்த்தேன். கொட்டாமல் விடாது என்ற உங்கள் குரல் கேட்டது. பின்னாலேயே தொகுதியும் அடையாளமும் தானாக வந்தன. அதற்குப் பிறகு ஒரு மேசையிலும் நான் தடுமாறவில்லை. நல்ல மார்க்கோடு தேறினேன். நட்சத்திர மீன் கதையைச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் போனே கட்டாகிவிட்டது.

மறுவருடம் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். வேலை செய்த இடத்திலேயே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். என்னென்னவோ பேசியிருக்கிறோம், இதை மட்டும் பேசி வைக்கவில்லையே நாம்.

காரியத்துக்கு வந்த சொந்தபந்தம் கிளம்பவே இல்லை. பரிட்சை நாளும் வந்துவிட்டது. துக்கம் ஆறாத வீட்டிலிருந்து தாலி இறங்கியவள் காலேஜுக்குப் போனால் ஊர் என்ன பேசும், படித்த வரைக்கும் போதும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை. யார் நிறுத்தினாலும் அன்றைக்கு நான் நின்றிருப்பேன்.

அழுது படுத்துக் கிடந்த உங்கம்மா எழுந்து உட்கார்ந்தார். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டார்.

"எம்பையன் எங்கிட்டச் சொன்னது ஒரே பேச்சு. பெயிலானா நிறுத்திக்கலாம்னான். இவ இன்னம் பெயிலாவலீங்க."

என் பக்கம் திரும்பி, "எந்திரி சாமி. பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார். பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தார். வழியில் பார்த்தவர்களை எல்லாம் அவர்தான் முறைத்தார்.

தேறினேன். பி.எட். முடித்தேன். இதோ, பிள்ளைகளுக்கு ஜாடிகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். மேலே எம்.எஸ்சி.யும் படிக்கலாமென்று போன வாரம் விண்ணப்பம் போட்டேன். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. இந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அத்தையிடம் சொன்னபோது அவர் போனை எடுத்து என் கையில் கொடுத்து, புதுப் பாடத்துக்கெல்லாம் படம் எடுத்து வரச் சொன்னார். இனிமேல் கேள்வி கேட்கப் போவது அவராம்.