அத்தா, பீடி குடி, சீனி போடு

7 அக்டோபர் 1963, திங்கள். கடலூர் ஓ.டி.

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு வரவில்லை. தந்தி ஆபீஸ் பயிற்சியில் இன்றும் சோதனை, இன்றும் தோல்வி. மோர்ஸ் ஒலியில் 26 ஆங்கில எழுத்தில் 14தான் காதில் தங்குகிறது. டிட் என்றால் குட்டைச் சத்தம், டா என்றால் நீளச் சத்தம், இரண்டும் கலந்து ஒவ்வொரு எழுத்து, அவ்வளவுதான். ஆனால் B, D, V எல்லாம் சேர்ந்து கஞ்சியாகிவிடுகிறது. மாஸ்டர் எல்லோர் முன்னாலும்: "பாய், 28ஆம் தேதி மெட்ராஸ்லேருந்து பரீட்சை வெக்க வராங்க. அதுலயும் போச்சுன்னா வீட்டுக்குத்தான்."

பினாங்கிலிருந்து ஜமால் மாமா கடிதம். தந்தி வேலை அமையாவிட்டால் கப்பல் ஏறு, கடைக்கு ஆள் வேண்டும், ஐந்து வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். ஜைனபுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

9, புதன்

காலை. ஜைனப் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்று, A டிட் டா, A டிட் டா.

"யார மச்சான் கூப்புடுறீங்க?"

"யாரையும் இல்ல. பாடம்."

"அத்தா, அத்தான்னு கூப்புடுறாப்ல இருக்கு."

அப்படியே நின்றுவிட்டேன். அப்பாவைக் கூப்பிடுகிற அத்-தா. குட்டை, நீளம். முதல் எழுத்தும் A! M கேட்டேன்: டா டா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாமா." N: டா டிட். "நாடு."

உடம்பு சிலிர்த்துவிட்டது. குறில், நெடில் என்று எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அவள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். எப்படி என்றேன்.

"குர்ஆன் ஓதுறப்ப மத்துன்னு நீட்டல் குறி வர்ற எடத்துல இழுப்போம், மத்த எடத்துல இழுக்க மாட்டோம். அதே கததானே?"

குர்ஆனில் பாதிக்கு மேல் அவளுக்கு மனப்பாடம், அவள் உம்மா ஓதக் கேட்டுக் கேட்டே. கல்யாணத்தின்போதே சொன்னார்கள். சரி என்று தலையாட்டியிருக்கிறேன். அவ்வளவுதான்.

ஆபீசுக்கு லேட். திட்டு.

10, வியாழன்

அவள் சொன்னது, நான் குறித்தது:

B பீடி குடி
C சீனி போடு
D தாவணி
G கோபாலு (பால்காரர்)
O ஓடாதே
P புறாக்கூடு
R ரசீது
W வராதே
Y யாரு மாமா

பீடி குடி சொல்லும்போது ஒரு பார்வை. விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். X-க்கு ஒன்றும் அகப்படவில்லை. "அத அப்டியே கேட்டுக்குங்க."

J வந்தது. டிட் டா டா டா. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக: "ஜமால் மாமா."

வேறு வார்த்தை பார்க்கலாமே என்றேன்.

"அதுவே இருக்கட்டும். மறக்காது."

13, ஞாயிறு

டிட் டா அடித்துப் பழகுகிற பழைய பஸ்ஸர் ஒன்றை மாஸ்டர் என்னிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கூடத்தில் வைத்து அடித்துப் பழகினேன். வியாபாரிகள் அனுப்புகிற சங்கேதத் தந்தி, ஐந்தைந்து எழுத்தாக, அர்த்தமே கிடையாது. பரீட்சையில் அதுதான் கழுத்தறுக்கும். எட்டு வரிசை அடித்து முடித்தேன். 40 எழுத்து.

ஜைனப் கருவாடு அலசிக்கொண்டே அத்தனையையும் திருப்பிச் சொன்னாள். மாமா, ஓடாதே, ரசீது, நாடு, அத்தா... காகிதத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"எப்படி புள்ள?"

"மாமா ஓடுறாரு, ஓடாதேன்னு கத்துறோம், ரசீதக் காட்டிட்டு நாடு தாண்டிப் போறாரு, அத்தா தேடுறாரு. இது மொத வீடு."

"வீடா?"

"காட்டுமன்னார்கோயில்ல எங்க தெருவுல வரிசையா எட்டு வீடு. வீட்டுக்கு ஒரு கதையா வெச்சிட்டே போனேன். கடசி வீட்லேருந்து திரும்பி வரட்டா?"

வந்தாள். எட்டிலிருந்து ஒன்றுக்கு. கை நிறைய மீன் செதில்.

இந்த மனுஷியையா எட்டு மாதமாக உப்பு போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

17, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகல்.

26 எழுத்தும் வந்துவிட்டது. ஆனால் வேகம் கூட்டினால் போச்சு. ஒவ்வொன்றுக்கும் வார்த்தை தேடுவதற்குள் அடுத்த இரண்டு ஓடிவிடுகிறது. கூடப் படிக்கும் கோவிந்தராஜ்: "பாய், வார்த்தைய மறந்துடு. அது ஏணி. மாடி ஏறுனப்புறம் எதுக்குத் தோள்ல தூக்கிட்டுத் திரியிற?"

ஜைனபிடம் சொன்னேன். யோசித்தாள்.

"ஓதுறப்ப வாய் ஒரு எடத்துல இருக்கும், மனசு அடுத்த எடத்துக்குப் போயிடும் மச்சான். ஒங்களுக்குத் தலகீழு. காது முன்னாடி போவட்டும், கை பின்னாடி வரட்டும். ரெண்டையும் ஒண்ணா ஓட விடாதீங்க."

20, ஞாயிறு

நாள் முழுக்க அதே வேலை. அவள் காய்கறிப் பெயராகச் சொல்லிக்கொண்டே போவாள். கத்திரிக்கா என்றதும் எழுதக் கூடாது, அவள் அடுத்ததாக அவரைக்கா சொல்லும்போதுதான் கத்திரிக்கா எழுத வேண்டும். அவரைக்கா எழுதும்போது புடலங்கா. முதலில் தலை சுற்றல், எரிச்சல். பென்சிலைத் தூக்கி எறிந்தேன். எடுத்துச் சீவிக் கையில் கொடுத்தாள்.

"கப்பல்ல போனா ஒங்களுக்கு யாரு சீவிக் குடுப்பா?"

முதல்முறையாக அந்தப் பேச்சை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

மாலை நான்கு மணிக்குமேல் என்னவோ நடந்தது. கை தானாக எழுதியது. காது சும்மா கேட்டுக்கொண்டிருந்தது.

28, திங்கள்

பரீட்சை. அடை மழை. மெட்ராஸ்காரர் முகத்தில் சிரிப்பே இல்லை.

சாதாரணச் செய்தி சுலபம். சங்கேதம் 30 வரிசை. பாதியில் தகரக் கூரையில் மழை ஓங்கி அடித்தது. கோவிந்தராஜ் தலையைத் தூக்கிவிட்டான். நான் தூக்கவில்லை. என் கை இரண்டு எழுத்து பின்னால் இருந்தது. வார்த்தை எதுவும் நினைவுக்கு வரவில்லை. பீடியும் இல்லை, சீனியும் இல்லை. வெறும் சத்தம், நேராகக் கைக்கு.

இரண்டு பிழை. பாஸ். கோவிந்தராஜும் பாஸ், நூலிழையில்.

சிதம்பரத்துக்குப் போஸ்டிங். ஜைனபிடம் சொன்னதும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். வரவில்லை என்று பினாங்குக்குக் கடிதம் எழுதிவிட்டேன், மரியாதையாக.

17 நவம்பர், ஞாயிறு. சிதம்பரம்

வெயில். மேல வீதிப் பக்கம் ஒண்டுக் குடித்தனம். சாமான் எல்லாம் வந்துவிட்டது, அம்மிக்குழவி தவிர.

காலையில் சும்மா இருக்கும்போது கேட்டாள். "A, B எல்லாம் எப்டி இருக்கும் மச்சான்? பாக்க?"

சுருக்கென்றது. 26 எழுத்தும் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

கடைக்குப் போய்ப் பலகை, பல்பம். வரிசையாக எழுதிக் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தன நாளு காதுக்குள்ள குடியிருந்தவங்க. மொகத்த இன்னிக்குத்தான் பாக்குறேன்."

சோறு குழைந்துவிட்டது. எழுந்து போகவில்லை. ஈரத் துணியால் பலகையை அழித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க சத்தத்த மட்டும் குடுங்க."

வாயாலேயே கொடுத்தேன். டிட் டா. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்த A ஒன்று போட்டாள். பல்பத்தை எடுக்காமல், "ம், அடுத்தது" என்றாள்.