பெர்மிட்டின் மூன்றாம் பக்கம்

கராகண்டா
ஏப்ரல் 6

அன்புள்ள மாப்பிள்ளை மேய்ராமுக்கு,

உங்கள் மாமனார் ஜப்பார் எழுதுகிறேன். நிஜமாகவே நான்தான் எழுதுகிறேன். மகள் ஷோல்பான் பக்கத்தில் இல்லை, வேலைக்குப் போயிருக்கிறாள். உள்ளே இருக்கிறவரிடம் சுகமா என்று எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். முதுகுவலி எப்படி இருக்கிறது? போர்வை கொடுத்தார்களா?

உங்கள் இடத்தில் போன் கிடையாது, மாதம் ஒரு முறை வீட்டு ஆள் ஒருவர் மட்டும்தான் பார்க்கலாம் என்கிறார்கள். கடிதம் மட்டும் போகுமாம். ஷோல்பானிடம் சொல்லி எழுதவைத்தால் நான் சொல்வதில் பாதியை விட்டுவிடுகிறாள். அதனால் இரண்டாம் மாடி தமாராவிடம் எழுத்துப் படிக்கிறேன். முப்பது வருஷம் தபால் கொடுத்தவள். முதல் நாள் உங்கள் பெயரைத்தான் எழுதிக் காட்டச் சொன்னேன். ஆப்கன் பக்கம் ஆடு மேய்த்துவிட்டு ஐம்பது வயதில் இங்கே வந்தவனுக்கு எழுத்து எதற்கு என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். பெரிய சுமை ஏற்றிப் போகிற உங்கள் டிரெய்லருக்கு முன்னால் பதினாறு வருஷம் அளவுகோல் பிடித்தேன். ஊரில் உள்ள பாலம், மின்கம்பி, குழாய் எல்லாவற்றின் உயரமும் மண்டைக்குள் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

இப்போது பார்க்கிற இடமெல்லாம் எழுத்து. ஊறுகாய் ஜாடியில் ஊறுகாய் என்று எழுதியிருக்கிறது மாப்பிள்ளை. கண்ணாடி வழியாகத் தெரிகிறதே, எதற்கு எழுதினார்கள் என்று தமாராவிடம் கேட்டேன். "எழுத்துக் கூட்டிப் பழகுற உங்கள மாதிரி ஆளுக்குத்தான்" என்றாள்.

இந்த ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆனது.

உங்கள் மாமா,
ஜப்பார்


ஏப்ரல் 17

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் காட்டினேன். எழுபத்தொரு வயதில் எழுதியது என்றால் நம்பவில்லை. ஒருவன், "ஒன்னாங்கிளாஸ் பையன் எழுதுனத காட்டி ஏமாத்துறியா" என்றான். வரிகள் மலை இறங்குகிற ஆடு மாதிரி இருக்கின்றன. கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதத்தில் நான் சிரித்தது அன்றுதான்.

இனி நீங்களே படிப்பீர்கள் என்பதால் நேராக எழுதுகிறேன். எனக்குத் தூக்கம் இல்லை. அந்த ஜனவரி ஞாயிறு விடிகாலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். டிரெய்லர் மேலே டிரான்ஸ்ஃபார்மர், முன்னால் போலீஸ் வண்டி, பக்கத்தில் நீங்கள் நடந்து வருகிறீர்கள். சாலைக்கு மேலே வளைந்து போகிற வெந்நீர்க் குழாயிடம் வருகிறோம். சுமைக்கும் குழாய்க்கும் ஒன்றரைச் சாண் இடைவெளி என்று நீங்கள் அக்டோபரில் அளந்தது, இந்தப் பாதையில் சுமை கொண்டுபோக நகர அலுவலகம் தந்த பெர்மிட்டிலேயே இருக்கிறது. பனிப் பள்ளத்தில் டிரெய்லரின் அடித்தளம் உரசியது. பட்டனை அமுக்கித் தளத்தை முக்கால் சாண் தூக்கினேன். அப்படியும் முக்கால் சாண் மிச்சம் இருக்க வேண்டும் மாமா. இல்லை. குழாய் பிய்ந்தது. பஸ்ஸுக்கு நின்ற அந்த நர்ஸ் பெண்ணின் இரண்டு காலும் வெந்துபோயின. நாலாயிரம் வீட்டில் ஆறு நாள் சூடு இல்லை.

பிறகு விசாரணை ஆட்கள் வந்து அளந்தபோது, உங்கள் ஒன்றரைச் சாண் அப்படியே இருந்தது. அப்படியென்றால் நான்தான் கூடுதலாகத் தூக்கியிருக்கிறேன். எவ்வளவு தூக்கினேன் என்று இப்போது எனக்கே சந்தேகம். ஐந்து வருஷம் கேட்கிறார்கள். தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் மூன்றாகக் குறையலாம் என்கிறார் வக்கீல். மே 28 காலைக்குள் சொல்ல வேண்டுமாம்.

ஷோல்பானிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை,
மேய்ராம்


ஏப்ரல் 29

அன்புள்ள மாப்பிள்ளை,

கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். உங்கள் கை எனக்குத் தெரியும். முட்டை வண்டி ஓட்டுகிற மாதிரி நூறு டன்னை ஓட்டுகிறவர் நீங்கள்.

வக்கீல் கொடுத்த வழக்குத் தாள்களின் நகல் கட்டு நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அறுபத்து நாலு பக்கம். வக்கீல் படித்தாரா என்று ஷோல்பானிடம் கேட்டேன். "புரட்டினாருப்பா" என்றாள். நான் புரட்டப் போவதில்லை, படிக்கப் போகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் முடிகிறது. மத்தியானத்துக்குள் கண் எரிகிறது. சக்கரக் கணக்கு, பாலத்தின் எடைக் கணக்கு, எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு என்ற பட்டியல், எல்லாவற்றையும் விரல் வைத்துப் படிக்கிறேன். உங்களைக் காப்பாற்றுகிற வரி ஒன்று இதற்குள் எங்கேயாவது இருக்கும்.

ஷோல்பான் சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் சட்டைகளை எடுத்து, துவைத்ததையே மறுபடி துவைக்கிறாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். எழுதியதை அழித்தால் தாள் கிழிகிறது.

மாமா


மே 14

மாப்பிள்ளை,

அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்தேன்.

டிரான்ஸ்ஃபார்மர் ரயிலில் தாமதமாகி நம் பெர்மிட் டிசம்பரோடு முடிந்தது அல்லவா. புதுப்பிக்க ஜனவரியில் நகர அலுவலகம் போனோம். நீங்கள் தாழ்வாரத்தில் நின்றீர்கள், என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அந்தப் பெண், "பாதையில ஏதாவது மாறியிருக்கா ஐயா?" என்றாள். "பாலம் என்ன நடந்தா போகும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று பக்கத் தாளை நீட்டி, "படிச்சுப் பாருங்க, இல்ல நான் படிக்கவா?" என்றாள். அவளுக்கு என் பேத்தி வயது. சுற்றிலும் ஆட்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. "படிக்கத் தெரியும்மா, கண்ணாடி கொண்டாரல, விரல் வெச்சிடுறேன்" என்றேன். நான் எந்தக் காலத்தில் கண்ணாடி போட்டேன்?

அந்த மூன்றாம் பக்கத்தை நேற்றுப் படித்தேன். நாலு வரிதான். மத்தியானம் முழுக்க ஆனது. "கடந்த பத்து நாட்களுக்குள் பாதை முழுவதையும் பனியோடு சேர்த்து மீண்டும் நேரில் அளந்தேன்" என்று போட்டிருக்கிறது. கீழே என் கட்டைவிரல். நான் அளக்கவில்லை மாப்பிள்ளை. பெரிய குளிர். அக்டோபர் அளவே போதும் என்று வீட்டில் இருந்தேன்.

இன்று காலை அந்தக் குழாயிடம் போனேன். எதிரே கார் நிறுத்துகிற கொட்டகையின் காவலாளியிடம் கேட்டேன். டிசம்பரிலிருந்தே குழாய் சொட்டியதாம். அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பனிக்கட்டி ஏறி, மேலே புதுப்பனி மூடிக் கிடந்ததாம். அவரே இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறார். குழாய் உடைந்ததும் வெந்நீரில் அந்தக் கட்டி முழுக்கக் கரைந்துவிட்டது. பிறகு வந்து அளந்தவர்களுக்கு வெறும் சாலைதான் கிடைத்தது.

நீங்கள் முக்கால் சாண்தான் தூக்கினீர்கள், மீதி ஒரு சாணை அந்தக் கட்டிதான் தூக்கியது. உங்கள் கை பொய் சொல்லவில்லை. என் விரல்தான் சொன்னது.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று உங்களோடு நடந்தபோது அந்த இடத்தில் என் பூட்ஸ் ஏறி இறங்கியது. ஒரு நொடி நின்றேன். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை தூக்கவில்லை.

விசாரணை அதிகாரியிடம் போய்ச் சொல்லட்டுமா? நான் உள்ளே போனால் ஷோல்பான் தாங்குவாளா? அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் போகச் சொன்னால் போகிறேன்.

ஜப்பார்


மே 20

ஜப்பார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து முன்பைவிட நன்றாக வருகிறது.

நாலு மாதமாக, பட்டனை அமுக்கிய என் வலது கட்டைவிரலைத் திட்டிக்கொண்டு கிடக்கிறேன். ஒரு நாள் அதைச் சுவரில் வைத்து அடித்தேன், நகம் போய்விட்டது.

அந்தத் தாழ்வாரத்தில் பத்தடி தள்ளி நின்றேன். பதினாறு வருஷம் சாப்பாட்டுக் கடைப் பலகை வரைக்கும் உங்களுக்குப் படித்துக் காட்டியவன் நான். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. "மாப்ளே, இதப் பாருங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் வந்திருப்பேன். முன்பின் தெரியாத பெண்ணிடம் மானம் போகக் கூடாது, அவ்வளவுதானே?

போகட்டுமா என்று என்னைக் கேட்கிறீர்கள். போங்கள் என்றால் மாமனாரைச் சிறைக்கு அனுப்பியவன். வேண்டாம் என்றால் ஐந்து வருஷம். செய்த எல்லாவற்றையும்விட இதை என்னிடம் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

28ஆம் தேதி பத்து மணிக்கு வக்கீல் வருகிறார். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

மேய்ராம்


மே 26

மாப்பிள்ளை மேய்ராமுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் படியுங்கள்.

உங்கள் கடிதத்தையும் மூன்றாம் பக்கத்தையும் ஷோல்பானிடம் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே படித்தாள். "இத அவருக்கு எழுதுனீங்க. ஒரே வீட்ல இருக்கேன், எனக்குச் சொல்லல" என்றாள். காலையில் என் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் இறங்கும்வரை படியில் நின்றாள்.

விசாரணை அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். "தாத்தா, நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன். கீழ விரல் வெச்சாப் போதும்" என்றார்.

"விரல் வெச்சுத்தான் தம்பி இங்க வந்து உக்காந்திருக்கேன்" என்றேன்.

தாள் கொடுத்தார். மூன்று மணி நேரம் எழுதினேன். பெர்மிட், பத்து நாள், கண்ணாடி, பூட்ஸ் ஏறி இறங்கியது எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொரு வரி முடியும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது மாப்பிள்ளை. அந்த நர்ஸ் பெண்ணைப் பற்றிய வரியிலும்கூட, எழுத்து நேராக வந்ததே என்று ஒரு நொடி சந்தோஷம் வந்தது. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் கற்றுக்கொண்டது இதற்குத்தானா என்று இருந்தது. கடைசியில் என் பெயரை முழுக்க எழுதினேன்.

கொட்டகைக் காவலாளியும் வந்து சொல்லிவிட்டார். வக்கீலுக்குச் செய்தி போய்விட்டது, 28ஆம் தேதி எந்தத் தாளையும் நீட்ட மாட்டார். வெள்ளிக்கிழமை துணிமணியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஷோல்பான் பை கட்டிக்கொண்டிருக்கிறாள், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறாள்.

நீங்கள் சொல்லி நான் போகவில்லை. நானாகப் போனேன். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பார்


ஜூன் 19

ஜப்பார் அவர்களுக்கு,

திங்கட்கிழமை என்னை விட்டார்கள். வழக்கு முடியவில்லை, ஊரைவிட்டுப் போகக் கூடாது. இப்போது உங்கள் விலாசம் எனக்கும் என் விலாசம் உங்களுக்கும் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை ஷோல்பான் பார்சல் கொடுப்பாள். தேயிலை, காய்ந்த தயிர் உருண்டை, முதுகுக்குத் தைலம். ஜன்னல் ஓரக் கட்டிலைக் கேட்டு வாங்காதீர்கள், மழை உள்ளே அடிக்கும். பார்க்கிற நாளில் நான் வர மாட்டேன். வந்தால் என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தின் மேலே வேறு மாதிரிக் கூப்பிட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

உள்ளே போன பிறகு நீங்கள் ஷோல்பானுக்கு எழுதிய இரண்டு கடிதமும் மேசையில் இருக்கின்றன. அவள் பிரிக்கிறாள், முதல் வரியோடு மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். மிச்சத்தை நான்தான் இங்கிருந்து அவளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்கிறேன்.

அதனால் நான் திக்காமல் படிக்க, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.

மேய்ராம்