மூன்றாம் நாள் தயிர்

சோழபுரம்,
சனிக்கிழமை.

அன்பு மகள் வின்சிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு முட்டுவலி பரவாயில்லை, செவலை சினையாக இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே விடும்மா என்று வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்க வாசி.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்காரர்களுக்கு ஒரு கூட்டம் என்று சொசைட்டியில் கூப்பிட்டார்கள், போனேன். மேடையில் யார் என்று நினைக்கிறாய், உன் ஆராய்ச்சிக் கைடு ஐயாதுரைதான். நாலு வருஷம் உன்னை லேபில் மாடாய் உழைக்க வைத்து, கடைசியில் கட்டுரையில் உன் பேரை அடித்துவிட்டுத் தன் மச்சினன் மகன் பேரைப் போட்டானே, அவனேதான். தயிரை உறைய வைக்கிற பாக்டீரியாவுக்குள் ஒரு ஜீனை வைத்தால் அது நாம் கேட்கிற புரதத்தைச் செய்து வெளியே தள்ளும், அதைக் கொண்டு கன்றுக்குட்டிக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து செய்யலாம், காலங்காலமாக நாம் சாப்பிடுகிற பாக்டீரியாதானே, பயமில்லை என்று பேசினான். அம்புட்டும் நம் கன்று கழிந்தே செத்த அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து நீ எனக்குச் சொன்ன வார்த்தை. திரையில் ஆர்-3 என்று போட்டு, இது நானே தேடிக் கண்டுபிடித்த பாக்டீரியா வகை என்றான் பாரு, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து மைக்கை வாங்கி, ஆர்னா என்னய்யா என்று கேட்டேன். ராஜபாளையம்மா என்றான். மூணுன்னா என்றேன். மூணாவது சாம்பிள் என்று சிரித்தான். ஆர்னா ரோசம்மாள்யா, நாந்தான், மூணுன்னா எங்க வீட்டுல மூணு நாள் புளிச்ச தயிரு, எம்மவ எடுத்துட்டுப் போனா, அவ லேப் நோட்டுல எழுதி வச்சிருக்கா, அதுல உம்ம கையெழுத்தும் கெடக்கு என்றேன். கூட்டம் மொத்தமும் அவனைப் பார்த்தது. தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டே நின்றான், அதைப் பார்க்க எம்புட்டு ஆனந்தமாக இருந்தது தெரியுமா.

மறுநாளே கூட்டம் நடத்திய கால்நடை டாக்டரிடம் நீ வீட்டில் விட்டுப்போன அந்த நோட்டைக் காட்டி, நகல் எடுத்து யுனிவர்சிட்டிக்கு அனுப்பினோம். விசாரணை வைத்து அவன் புராஜெக்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன் செவ்வாய்க்கிழமை அவனே வீடு தேடி வந்தான். புகார் ஒன்றும் இல்லை என்று உன்னிடம் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லி, ரிட்டயர் ஆக எட்டு மாசந்தான் இருக்கு தாயி என்று அழுதான். நான் உட்காரச் சொல்லவில்லை. பேரைப் போடச் சொல்லி எம்மவ உம்ம ரூம் வாசல்ல நின்ன நேரத்துக்கு நீரும் செத்த நேரம் நில்லும் என்று சொல்லிவிட்டுத் தொழுவத்தைக் கூட்டினேன். உச்சி வெயிலில் நின்றுவிட்டுப் போனான். வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காத வீடு வெளங்குமாட்டி என்று கேட்ட அப்பா, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பாஸ்டர் வந்து மன்னிக்கச் சொன்னார். அதே மேடையில், அதே மைக்கில், இது வின்சி செய்தது என்று அவன் சொல்லட்டும், பொறவு பார்ப்போம் என்றேன். பகையை மனசில் வைத்துக்கொண்டு திருவிருந்துக்கு வரக்கூடாதே ரோசம்மா என்றார். சரி ஐயா, வரலை என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் முன்னால் போய் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்கும்போது நான் மட்டும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுந்து போகவில்லை. உனக்கும் போன் போட்டு அழுவான், உன் மனசு இளகும், எனக்குத் தெரியும். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. உன்னைக் கர்த்தர் கண்மணி போலக் காப்பார். அவனை என்ன செய்வது என்று அவரும் நானும் பேசிக்கொள்கிறோம்.

உன் அம்மா,
நே. ரோசம்மாள்