நாய்க்கு ஒரு வழக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் வலிகூட இந்த வாரம் லீவு எடுத்துக்கொண்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன். சிரிப்பு அடங்காமல் எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

என் தையல் கடையின் பின்ஜன்னலைத் திறந்தால் ஐஸ் ஃபாக்டரி முற்றம் தெரியுமே, அங்கே போன மாதம் ஐஸ்காரர் ஒரு பெட்டை நாயைக் கழுத்தில் கம்பி சுற்றிக் கட்டிப்போட்டிருந்தார். மூன்று நாளாகத் தண்ணீர்கூட இல்லை, முனகினால் தடியால் அடி. நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு ஓடுகிற ஆள் நான், ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மெஷினை மிதிக்கக் கால் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நம் தீவுக்கென்று இருக்கும் ஒரே எஸ்.ஐ., நீ ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தாயே அவர்தான், "நாய்க்கெல்லாம் கேஸா, அக்கா?" என்றார். "சட்டம் இருக்கு தம்பி, தேடுங்க, நான் உக்காந்திருக்கேன்" என்றேன். அவர் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள், நாற்காலியில் கிடந்த அவருடைய மாற்றுச் சட்டைக்கு இரண்டு பொத்தான் தைத்துவிட்டேன். சட்டப் பிரிவு கிடைத்ததும் மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தொப்பியை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

ஐஸ்காரர் அசரவில்லை. "நாளையிலேர்ந்து உங்க வீட்டுக்காரர் படகுக்கு ஐஸ் கிடையாது" என்றார் என்னிடம். தீவில் வேறு ஐஸ் ஏது? திரும்பினால் வாசலில் ஐஸ் வாங்க வந்த உன் அப்பா, தோளில் வலையோடு. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், "மீனை உப்புப் போட்டுக் காயவெச்சுக்கறேன். நாயை அவுத்துவிடு" என்றார். அவர் பின்னால் நின்ற படகுக்காரர்களும் "எங்களுக்கும் வேணாம் உன் ஐஸு" என்றார்கள். ஐஸ்காரர் தடியை மூலையில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். எஸ்.ஐ. மண்டி போட்டுக் குறட்டால் கம்பியை வெட்டினார். நாய் அவர் மூக்கை நக்கியதும், "சாட்சி போலீஸைத் தொடக் கூடாது" என்று அதட்டினார் பார், எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நேற்றுத் தீர்ப்பு வந்தது. அபராதம், அதோடு இனி அவர் எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாது. ஐஸும் வழக்கம்போல் வருகிறது, எங்களை விட்டால் அவர் யாருக்கு விற்பார்? நாயை நாங்களே வளர்க்கிறோம் என்று கேட்டோம்; அதை எங்களிடம் ஒப்படைக்க ஸ்டேஷனில் இருந்தது காணாமல் போன பிள்ளைகளுக்கான படிவம் ஒன்றுதான். 'உறவுமுறை' என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்திக்கொண்டு எஸ்.ஐ. விழித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "இளைய மகள்னு போடுங்க" என்றார். முத்திரையும் குத்தியாகிவிட்டது.

ஆகவே விடுமுறைக்கு வரும்போது உன் கட்டிலில் பாதிதான் உனக்கு. படகு டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. அக்காவும் தங்கையும் ஆயுளோடும் ஒற்றுமையோடும் இருக்க ஆசீர்வதிக்கும்,

உங்கள் இருவரின் அம்மா