லெஸ்டர் நிலத்து ஊற்று

மார்ச் 6
வியாழக்கிழமை. இந்த ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. ஆறட்டும். எழுபத்திரண்டு வயதில் எழுதுகிறவனுக்கு என்ன அவசரம்? தினமும் ஒரு வரியாவது எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் லைப்ரரி டீச்சர் சொன்னார். வெளியே மழை. விறகு பிளக்கவில்லை.

மார்ச் 9
கர்ட்டிஸ் போன் செய்தான். என் மகன். நான்கு வயதில் அவன் அம்மாவோடு செயின்ட் லூயிஸ் போனவன். அப்புறம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைதான். அதையும் அப்போது யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்கச் சொல்வேன்.

ஜனவரியில் பனி உறைந்து அங்கே பல நாள் மின்சாரம் இல்லையாம். சூட்டுக்காகக் குழந்தையைக் காருக்குள் படுக்க வைத்திருந்தார்களாம். இனி நகரம் வேண்டாம், மின்சாரம் போனாலும் பிழைக்கிற மாதிரி ஓர் இடம் பார்க்கிறோம் என்றான். எங்கள் மாவட்டமும் அவன் பார்க்கப்போகிற இடங்களில் ஒன்று. மழை, மண், விறகு, அக்கம்பக்கம், நெடுஞ்சாலை எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றுக்கும் மார்க் போடுவானாம். இந்த வயதில் நான் பரீட்சை எழுதினேன், இப்போது என் மாவட்டம் எழுதுகிறது.

பேச்சில் அவன் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. "நீங்க, நீங்க" என்றே ஓட்டிவிட்டான்.

மார்ச் 10
சின்ன அறையில் இருந்த விதை உருளைக்கிழங்கை வெளியே எடுத்து வைத்துச் சுத்தம் செய்தேன்.

ஏப்ரல் 25
வந்துவிட்டார்கள். கர்ட்டிஸ், மனைவி மார்லீன், ஆறு வயது போசி. கர்ட்டிஸுக்கு என் காதுகள். பாவம்.

டாக்வுட் மரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. பக்கத்து மேட்டில் லெஸ்டர் கேடிஸின் நிலம் விற்பனைக்கு இருக்கிறது. கூட்டிப் போனேன். பழைய வீட்டுக்கு மேலே பாறைக்கு அடியிலிருந்து ஊற்று கொட்டுகிறது. குழாய் போட்டால் தண்ணீர் தானாகவே இறங்கி அடுப்படிக்கு வந்துவிடும். போசி பூட்ஸோடு உள்ளே இறங்கி ஒரு தவளையைப் பிடித்து அதற்குப் பெயர் வைத்தாள். கர்ட்டிஸ் தண்ணீரில் கையை நீட்டி வெகுநேரம் நின்றான்.

"கரன்ட் இல்லாட்டியும் வருமா இது?" என்று கேட்டான்.

"கண்ணால பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க தம்பி" என்றான் லெஸ்டர்.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும், அது மழைக்கால ஊற்று. ஆகஸ்டில் அங்கே காய்ந்த இலைதான் கிடக்கும். எங்கள் ஊரில் நிலத்துக்கு விற்பனைப் போர்டு வைப்பது டாக்வுட் பூக்கும்போதுதான். ஆகஸ்டில் யாரும் வைப்பதில்லை. கிணறு தோண்டலாமே என்றால், இங்கே தண்ணீர் அடியாழத்தில். மோட்டார் வேண்டும். என் கிணறும் அப்படித்தான், மின்சாரம் போனால் பனியை அள்ளி உருக்கிக் குடிக்கிறேன்.

திரும்பும்போது லெஸ்டர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். "டேய் ஓர்வல், போன புள்ள தானா திரும்பி வருது. ஆகஸ்ட்ல எப்படின்னு அவன் கேட்டா சொல்லு. கேக்கலைன்னா விட்டுத் தொலையேன்" என்றான்.

கர்ட்டிஸ் கேட்கவில்லை.

ஏப்ரல் 26
காலையில் போசி என் மடியில் உட்கார்ந்து, அவள் பெயருக்கு நான் எழுதிய P எழுத்து இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறது என்றாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இந்தப் பிள்ளை பக்கத்து மேட்டிலேயே வளர்ந்தால் — வேண்டாம். எழுதவில்லை.

ஏப்ரல் 27
சொல்லிவிட்டேன்.

மத்தியானம் பீன்ஸும் சோள ரொட்டியும். இதுவரை பார்த்ததில் இந்த மாவட்டம்தான் முதல் மார்க், சாயங்காலம் லெஸ்டரிடம் முன்பணம் கொடுக்கப்போகிறேன் என்றான் கர்ட்டிஸ்.

"ஆகஸ்ட்ல வந்து பாரு" என்றேன்.

"எதை?"

"அந்த ஊத்தை. இருக்காது."

"எல்லா வருஷமுமா?"

"நான் பாத்த வரைக்கும் எல்லா வருஷமும்தான்."

மார்லீன் இன்னொரு துண்டு ரொட்டி கேட்டாள். அவள் தட்டில் இருந்ததே மிச்சம் இருந்தது. எனக்கு எழுந்து போக ஒரு வேலை கொடுத்தாள், அவ்வளவுதான்.

கிளம்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றான் கர்ட்டிஸ். கோபமா, நன்றியா? முகத்தைப் படிக்க இன்னும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

மே 4
சர்ச்சில் லெஸ்டர் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். வாசலில் மட்டும், "உன் புள்ளையும் போச்சு, என் நிலமும் போகல. திருப்திதானே?" என்றான்.

மே 5
ஒன்றும் இல்லை.

ஜூன் 15
டென்னசியில் வாங்கிவிட்டார்களாம். அங்கே சுற்றியுள்ள வீடு வீடாகப் போய், ஆகஸ்டில் ஊற்று எப்படி இருக்கும் என்று கேட்டானாம். வருடம் முழுக்க ஓடுமாம். நல்ல வேலை செய்தாய் என்றேன். காரில் ஒரு முழு நாள் பயணம். என் கண்பார்வைக்குப் பக்கத்து ஊர் வரை கார் ஓட்டுவதே தூரம்.

சின்ன அறையில் மறுபடி விதை உருளைக்கிழங்கை வைத்தேன்.

ஜூலை 29
மழை. இந்த மாதம் முழுக்க மழைதான்.

ஆகஸ்ட் 20
லெஸ்டர் நிலத்துக்கு ஏறிப் போனேன். ஏன் போனேன்? காய்ந்த இலையைப் பார்த்தால் மனசு ஆறும் என்றுதான்.

ஓடுகிறது.

ஏப்ரலில் எப்படியோ அப்படியே. என் வாழ்நாளில் ஆகஸ்டில் அது ஓடிப் பார்த்ததில்லை. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தவளை இருந்தது. போசியின் தவளையா என்று தெரியவில்லை. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன்.

லெஸ்டர் மேலே ஏறி வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான். "உன்னப் பாத்துச் சிரிக்குது பாருடா" என்றான். பிறகு தன் புகையிலையை என் பக்கம் நீட்டினான்.

ஆகஸ்ட் 24
கர்ட்டிஸ் போன் செய்தான். அடுப்படிக்கு ஊற்றுத் தண்ணீர் வந்துவிட்டதாம். போசி பள்ளிக்கூடம் போகிறாளாம். நவம்பரில் நன்றித் திருநாளுக்கு வந்து என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னான். கொஞ்சம் தயங்கி, "அந்த ஊத்து வத்திடுச்சாப்பா?" என்று கேட்டான்.

அப்பா என்றான்.

"சுத்தமா வத்திப்போச்சுடா. எலதான் கெடக்கு" என்றேன்.

ஒரு பெருமூச்சு கேட்டது. "நல்லவேளை" என்றான்.

ஆகஸ்ட் 25
மழை. ஊற்று ஓடுகிறது.