குங்குமம் வைத்த நூறு டாலர்

தாகேதா, ரங்கூன்
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் உதயசூரியனுக்கு அம்மா எழுதுவது. அம்மன் காவலில் இங்கே எல்லாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், தண்ணீர் மேல் கிடக்கும் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். முதலில் பிள்ளைகள் சேதி. உன் மகள் தமிழரசி பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் டிஸ்டிங்ஷன் வாங்கியது உனக்குத் தெரியும், இப்போது நர்சிங் பள்ளி நுழைவுப் பரீட்சையிலும் மூன்றாவதாக வந்திருக்கிறாள், நம் தெருவில் இதுவரை ஒரு பெண்ணும் அந்த வாசலை மிதித்ததில்லை. சின்னவன் கதிர்வேல் கோயில் தமிழ் வகுப்புப் பேச்சுப்போட்டியில் மேடை ஏறி, நடுவில் ஒரு பர்மிய வார்த்தைகூட வராமல் பேசி முடித்து எவர்சில்வர் டிபன்கேரியர் வாங்கிவந்தான், இனி அதில்தான் பள்ளிக்கூடத்துக்குச் சோறு என்று அடம். உன் அக்கா மகன் இராமையாவை ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் ஊர் பாக்டரியில் லைன் லீடர் ஆக்கியிருக்கிறார்கள், மீசை சரியாக முளைக்காத பையன் நாற்பது பேருக்கு மேலே நிற்கிறான், எல்லாரும் அவனைக் கோ இராமையா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்களாம். நல்ல சேதி எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிட்டேன், இதற்குக் கீழே தேடாதே.

போனில் பேசினால் நீ சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பபேடான் கடைத்தெருவில் இருக்கும் இப்ராஹிம் சிங்கப்பூரில் உன் கப்பலில் ஏறப்போகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமமாக இருந்தால் அவனையே படித்துக்காட்டச் சொல், அவன் முன்னால் கேட்க வெட்கமாக இருந்தால் இன்னும் நல்லது. போன வாரம் நீ சொன்ன வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. அம்மா, நீ படிச்சது அஞ்சாங்கிளாஸ், இதெல்லாம் உனக்குப் புரியாது, உன் வளையலை மச்சான் சுந்தர் கையில குடுத்துட்டுப் பேசாம இரு என்றாய். ஆமாம், அஞ்சாம் வகுப்புதான். அந்த அஞ்சாம் வகுப்பை வைத்துக்கொண்டுதான் உன் அப்பா செத்த பிறகு இட்லி விற்று உன்னை மரைன் டிரெயினிங்குக்கு அனுப்பினேன். எனக்குப் புரியாததை நீ படித்துக் கிழித்தாய் அல்லவா, இப்போது எனக்குப் புரிந்ததை நீ கேள்.

வைகாசியில் நீ கப்பலுக்குக் கிளம்பும்போது இருபது தாள், எல்லாம் நூறு டாலர், கதிர்வேலின் பெரிய பூகோளப் புத்தகத்துக்குள் மடிப்பு விழாமல் வைத்து உன் பெண்டாட்டி புஷ்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். இந்த ஊரில் டாலரை எப்படி வைக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு மடிப்பு, ஒரு பேனாப் புள்ளி இருந்தால் மாற்றுகிறவன் விலையைக் குறைப்பான் அல்லது கையாலேயே தொடமாட்டான். உன் பெண்டாட்டி ஆடி வெள்ளிக்குப் பூஜை செய்தபோது புத்தகத்தைத் திறந்து, லட்சுமி முன்னால் தாள்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்துவிட்டாள். நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், தாளில் இருக்கிற இருபது வெள்ளைக்காரக் கிழவனும் நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறான். நான் போட்ட சத்தத்தில் பயந்துபோய் ஒரு தாளை ஈரப் பஞ்சால் துடைத்தாள், அது நெற்றியிலிருந்து காது வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், கிழவன் யாரிடமோ அறை வாங்கியவன்போல் ஆகிவிட்டான். மற்றதைத் தொடாதே என்று அப்படியே மூடிவைத்தோம். அன்றைக்கு உனக்குப் போனில் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய், லட்சுமிக்குச் சந்தோஷம்தான் அம்மா என்றாய். உண்மையில் லட்சுமிதான் பிறகு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தாள், அதைச் சொல்கிறேன்.

புரட்டாசியில் நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புஷ்பாவுக்குப் போன் செய்து, இருபது தாளையும் உன் மச்சான் சுந்தரிடம் கொடுக்கச் சொன்னாய். கன்டெய்னர் வாங்கி வாடகைக்கு விடும் கம்பெனியாம், பங்கு போட்டால் மாதாமாதம் லாபமாம், சுந்தர் செல்போனில் ஒரு சிவப்புப் பெட்டியின் படத்தைக் காட்டி, இதுல ஒரு மூலை அத்தானோடது என்று சொன்னான். ஏன்டா, தினமும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் நடக்கிறவன் நீ, ஒரு பெட்டியைத் தட்டி இது யாருடையது என்று யாரையாவது கேட்டாயா? உன் அப்பா அய்யாசாமி ஆயுசு முழுக்கத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் பெட்டி தூக்கினார், ஒன்றைக்கூடத் தன்னுடையது என்று சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்துச் சுந்தர் புதுச் சட்டையும் லட்டுப் பெட்டியுமாக வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அதன் மேல் கவர் வைத்து, அத்தை, முத லாபம் வந்திருக்கு, உங்க கையால வாங்குங்க என்றான். புஷ்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் கவரைத் திறந்தேன். உள்ளே நூறு டாலர் தாள் ஒன்று. காது வரைக்கும் குங்குமம் இழுத்த அதே கிழவன், போன இடத்தில் யாருக்கும் பிடிக்காமல் வீடு திரும்பிய மாப்பிள்ளை மாதிரி என்னைப் பார்க்கிறான். லட்டு தின்றேன், அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், அனுப்பிவைத்தேன்.

மறுநாள் பஸ் பிடித்துப் பபேடானில் டாலர் மாற்றும் நகைக்கடை தஸ்தகீர் பாயிடம் போனேன். தாளைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். அம்மா, இவரு மறுபடி வந்துட்டாரா, போன மாசம் ஒரு தம்பி பொட்டு வச்ச தாளா இருபது கொண்டாந்துச்சு, மத்ததை விலை குறைச்சு எடுத்துக்கிட்டேன், இவரை மட்டும் வேணான்னு திருப்பிட்டேன் என்றார். அவ்வளவுதான் உன் கன்டெய்னர். நம் பணம் கப்பலும் ஏறவில்லை, கம்பெனிக்கும் போகவில்லை, பபேடான் தாண்டவில்லை. மாற்ற முடியாமல் அவன் பையில் மிஞ்சிய ஒரே தாளை நமக்கே லாபம் என்று வெற்றிலை பாக்கோடு கொடுத்திருக்கிறான். வேறு எந்த ஊராக இருந்தாலும், வேறு எந்த வீட்டுத் தாளாக இருந்தாலும் இது தெரிந்திருக்காது. கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இன்னும் பத்துத் தாள் சேர்த்துக் கொடுத்திருப்போம்.

சுந்தரைக் கூப்பிட்டுத் தாளை முன்னால் வைத்துக் கேட்டேன். முதலில் பொய் சொன்னான், பிறகு தலையைக் குனிந்துகொண்டு, எல்லாரும் இப்படித்தான் அத்தை, புதுசா வர்றவங்க காசுலதான் பழைய ஆளுக்கு லாபம் குடுக்கிறது, எனக்கு முன்னாடி போட்டவங்க என் வாசல்ல வந்து நிக்கிறாங்க, அவங்களுக்குக் குடுத்துட்டேன், நீங்க ரெண்டு பேரைச் சேத்துவிட்டா எல்லாம் சரியாயிடும் என்றான். நம்மைக் குழியில் தள்ளியது போதாமல் நம் கையால் இன்னும் இரண்டு பேரைத் தள்ளச் சொல்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் புஷ்பா எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டாள். நீ என் கூடப்பொறந்தவன்தான், ஆனா இது என் புள்ளைங்க காசு, அதைக் கொண்டாந்து வச்சிட்டு இந்தப் படி ஏறு என்று சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் சொன்னாள். அதனால் அவளைப் போனில் ஒரு வார்த்தை நீ திட்டக் கூடாது.

இதையெல்லாம் உனக்குச் சொன்ன பிறகும் நீ என்ன சொன்னாய்? கணக்கு முடங்கியிருக்கிறதாம், இன்னொரு பங்கு போட்டால் முதல் பணமும் சேர்ந்து திறந்துகொள்ளுமாம், மாசக் கடைசிக்குள் என் நாலு வளையலைச் சுந்தரிடம் கொடுக்க வேண்டுமாம். அது தமிழரசி படிப்புக்கென்று நான் கழற்றி வைத்த வளையல் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாய். கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கக் கையில் இருக்கும் கயிற்றையும் உள்ளே விட்டெறியச் சொல்கிறாய்.

உனக்குப் புத்தி சொல்ல ஆள் இல்லாமலா போயிற்று? உன் கப்பல் சமையல்காரர் அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் நோனோய் கதையை நீதானே லீவில் வந்து சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தாய். நான் சிரித்தேன், மறக்கவில்லை. ஊருக்கு வந்தால் ஒரு மாதம் அவர் ராஜாவாம், தெருவுக்கே பன்றி சுட்டு விருந்தாம், கேட்டவனுக்கெல்லாம் கடனாம், அடுத்த மாதம் கப்பலுக்குப் போகிற பஸ் காசுக்கு அவரே கடன் கேட்பாராம். மாடி கட்டலாம் என்று விட்ட இரும்புக்கம்பி வீட்டு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு துருப்பிடித்து நிற்கிறதாம். உன்னை முதலில் பார்த்ததும், உங்க ஆளுங்கதானே எங்க ஊர்ல மோட்டார்சைக்கிள்ல வந்து அஞ்சு குடுத்து ஆறு வாங்குறது என்று கேட்டாராமே. வட்டிக்குக் கொடுத்து நம்மவர்கள் எல்லா ஊரிலும் பேர் வாங்கியிருக்கிறார்கள், நீ ஒருவன்தான் வட்டியும் இல்லாமல் முதலும் இல்லாமல் கொடுக்கிறவன்.

அவரைக் கெடுத்ததும் ஒரு மச்சான்தானே? சோப்பு விற்கிற கம்பெனி, ஒருவன் தனக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த இரண்டு பேர் நாலு பேரை. ஒரு தடவை கப்பல் போய் வந்த சம்பளம் முழுக்க அதில் போய், கட்டிலுக்கு அடியிலெல்லாம் சோப்பு அடுக்கி வைத்திருந்தாராம். அவர் வீட்டில் சோப்பாவது மிஞ்சியது, நம் வீட்டில் அதுவும் இல்லை. சொந்தக்காரன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமாம், அவர்கள் பாஷையில் அதற்கு ஒரு பேரே இருக்கிறதாம். நமக்கும் பேர் இருக்கிறது, முகத்தாட்சண்யம். போன லீவில் டீக்கடை முழுக்க உன் கணக்கில் தின்றது, பாதித் தெரு உன்னிடம் கை நீட்டியது, ஒருவனாவது திருப்பித் தந்தானா? தந்தவன் பேரை எழுதி அனுப்பு பார்க்கலாம்.

அந்த நோனோய் பெண்டாட்டி என்ன செய்தாள் என்றும் நீதான் சொன்னாய். சம்பளம் வந்த அன்றைக்கே, அரிசி வாங்குவதற்கு முன்னால், ஒரு பங்கை எடுத்துக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போட்டுவிடுகிறாள், மிச்சத்தில்தான் குடும்பம். புருஷனுக்கும் சொல்லிவிட்டாள், யார் கேட்டாலும் பணம் எல்லாம் மாமியார் கையில இருக்கு, கிழவிக்குக் கோபம் சாஸ்தி என்று சொல்லு என்று. அதைக் கேட்டு நீ கைதட்டிச் சிரித்தாயே. இனி நீயும் அப்படியே சொல். எங்க அம்மா பொல்லாதவ, அவளைக் கேளு என்று சொல். நான் பொல்லாதவளாக இருக்கிறேன், எனக்குக் கூச்சம் கிடையாது. கார்த்திகைச் சம்பளம் கப்பல் ஆபீஸிலிருந்து வந்ததும் புஷ்பாவும் நானும் போய் ஒரு பங்கைத் தஸ்தகீர் பாயிடம் தங்கமாகவே வாங்கிவிட்டோம். டாலராக இனி வீட்டில் வைப்பதில்லை, குங்குமமும் வைப்பதில்லை.

வளையல் சேதிக்கு வருகிறேன். நேற்று அதை விற்றுவிட்டேன். சுந்தருக்கு இல்லை. தமிழரசியை அழைத்துக்கொண்டு போய் அவள் கண் முன்னால் நிறுத்துப் போட்டு, அந்தப் பணத்தோடு நேராக நர்சிங் பள்ளிக்குப் போய் முழுப் படிப்புக்கும் சேர்த்துக் கட்டி, ரசீதை அவள் பேரில் வாங்கினோம். திருப்பித் தரமாட்டோம் என்று அதில் அச்சடித்தே இருக்கிறது, அந்த வரியை நான் மூன்று தடவை வாசித்தேன், அஞ்சாம் வகுப்புக்கு அது நன்றாகப் புரிந்தது. என் கை இப்போது மொட்டைக் கை. இனி நீ கேட்டாலும் கொடுக்க ஒன்றும் இல்லை, சுந்தர் அழுதாலும் கொடுக்க ஒன்றும் இல்லை. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், நடுக்கடலில் யாரிடம் காட்டுவாய்?

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடு, நோனோய் கொடுக்கிறதை வீணாக்காமல் சாப்பிடு. அந்த மனுஷருக்கு என் வணக்கத்தைச் சொல், நான் அவர் பெண்டாட்டி கட்சி என்றும் சொல். அம்மனும் உன் அப்பாவும் உன் கூடவே வருவார்கள், நீ நூறு வயது கடன் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கவருக்குள் அட்டைக்கு நடுவில் அந்தக் குங்குமக் கிழவனை வைத்திருக்கிறேன், மடிக்காதே. இங்கே அவனை யாரும் வாங்கமாட்டார்கள், சிங்கப்பூரில் கறை இருந்தாலும் நூறு நூறுதான் என்று இப்ராஹிம் சொன்னான். ஆனாலும் இப்போது மாற்றாதே. உன் கட்டிலுக்கு மேலே ஒட்டி வை, தினமும் எழுந்ததும் அவன் முகத்தில் விழி, யாராவது லாபம் என்று வாயைத் திறந்தால் அவனைப் பார். இறங்குகிற அன்றைக்கு எடுத்து மாற்றி, தமிழரசிக்கு விநாடி முள் உள்ள நல்ல கைக்கடிகாரம் ஒன்று வாங்கி வா, நாடி பார்க்க அது வேண்டுமாம். நீ கடைசியாக அனுப்பிய படம் யாருடையதோ காரில் சாய்ந்து கறுப்புக் கண்ணாடி போட்ட படம், அதைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். புதிதாக ஒரு போட்டோ எடுத்து, செல்போனில் இல்லை, காகிதத்தில் போட்டு அடுத்த துறைமுகத்தில் தபாலில் சேர். வேலை உடுப்போடு நில், பக்கத்தில் அந்தக் கிழவனும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு
கை மொட்டையானாலும் வாய் குறையாத உன் அம்மா
அ. தங்கமணி