கடைசிப் பெட்டி நிற்கும் இடம்

ஸ்டேஷன் குவாட்டர்ஸ்,
உக்குவெலை ரோட்டு, மாத்தளை.
13.02.1983

என் செல்ல மருமகள் பாலாமணிக்கு, மாமன் இராசமாணிக்கம் எழுதுவது.

இங்கே நான் சுகம், ஸ்டேஷனும் சுகம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் சின்னவளுக்கும் முத்துமாரி துணையிருப்பாள்.

கொழும்பில் ஜனம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே வந்து பார் மகள். கண்டிக்கு வேலைக்குப் போகிற கூட்டம் போன வருஷத்தைவிட நாலு மடங்கு. ஜன்னல் வழியாகப் பிள்ளைகளைத் தூக்கிப்போட்டு இடம் பிடிக்கிறார்கள். போர்ட்டர் என்பது எனக்குப் பேருக்குத்தான். நான் பச்சைக் கொடி தூக்காவிட்டால் ஒரு ரயிலும் இந்தச் சின்ன ஸ்டேஷனைத் தாண்டி மாத்தளைக்குப் போகாது.

கூட்டத்துக்காக ரயிலில் இரண்டு பெட்டி கூட்டியிருக்கிறார்கள். பெட்டி நீண்டால் பிளாட்பாரமும் நீளவேண்டாமா? கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் துரையிடம் நான்தான் அதைச் சொன்னேன். துரை என் தோளைத் தட்டி, "நீ படிச்சிருந்தா என் நாற்காலியில இருந்திருப்ப" என்றார். உடனே வேலை தொடங்கி முடித்தும் விட்டார்கள். ஓடை வரைக்கும் ஒரே சீமெந்து. புதுக் கூரை, பெண்களுக்குத் தனி அறை, அதிலே ஆளுயரக் கண்ணாடி. கடைசிப் பெட்டியில் வந்தாலும் செருப்பில் மண் படாமல் இறங்கலாம்.

உன் மாமி போன பிறகும் தேத்தண்ணிக்கு இரண்டு கோப்பை எடுத்துவிடுகிறேன். பிறகு ஒன்றைத் திரும்ப அலுமாரியில் வைக்கிறேன். ஒரு தடவை வந்து போ.

உன் மாமன்,
இராசமாணிக்கம்

*

கொட்டாஞ்சேனை,
29.08.1983

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். கலவரத்தில் வீடு எரிந்துவிட்டது. இத்தனை நாள் பள்ளிக்கூட முகாமில் இருந்தோம், இப்போது தெரிந்தவர் வீட்டில். இனி இந்தியாதான் என்று உங்கள் மாப்பிள்ளை முடிவெடுத்துவிட்டார். பாஸ்போர்ட் இருக்கிறது, கப்பலுக்கும் பதிந்தாயிற்று. நீங்களும் வாங்க என்று கூப்பிட்டால், ஸ்டேஷனை யார் பார்ப்பது என்பீர்கள்.

எனக்கு ஒரே ஆசைதான். அம்மாவும் இல்லை, மாமியும் இல்லை. போகுமுன் உங்கள் கையால் விபூதி பூசிக்கொள்ள வேண்டும். சின்னவள் உங்களைப் பார்த்ததே இல்லை. செப்டம்பர் இருபதாம் திகதி பின்னேர ரயிலில் அவளோடு வருகிறேன். ஓர் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் மாத்தளைக்குப் போய் முதல் பஸ் எடுக்கவேண்டும். கப்பலுக்குப் போகிற வழியில், அனுராதபுரத்தில் அவர் சாமான்களோடு காத்திருப்பார்.

ரயிலில் நெரிசலாக இருக்குமாம். எந்தப் பெட்டியில் ஏறினாலும் இறங்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்தது பெரிய ஆறுதல்.

உங்கள் மருமகள்,
பாலாமணி

*

மண்டபம் முகாம்,
தமிழ்நாடு.
10.10.1983

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நான் ஏன் வரவில்லை என்று தவித்திருப்பீர்கள். நான் வந்தேன் மாமா.

கடைசிப் பெட்டியில்தான் இருக்க இடம் கிடைத்தது. உங்கள் கடிதத்தை நம்பி அதில் ஏறினேன். ரயில் நின்றதும் பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காலுக்குக் கீழே பிளாட்பாரம் இல்லை, ஓடை ஓடுகிறது. எங்கள் பெட்டி பாலத்தின் மேல் நின்றது. பக்கத்தில் இருந்த சிங்கள நோனா அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து, பாயாதே மகள் என்று கத்தினாள். முன்பக்கம் போக வழியில்லை, அவ்வளவு சனம்.

தூரத்தில் உங்களைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, குடை வைத்திருந்தீர்கள். முன் பெட்டிகளில் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தீர்கள். நான் கூப்பிட்டது கேட்கவில்லை. பிறகு நீங்களே பச்சைக் கொடி காட்டினீர்கள்.

"அந்தத் தாத்தா ஏம்மா நம்மளப் பாக்கல?" என்று சின்னவள் கேட்டாள்.

அடுத்த ஸ்டேஷன் மாத்தளையில் இறங்கும்போது ஊரடங்குக்கு நேரமாகிவிட்டது. ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. கோயில் மடத்தில் படுத்துவிட்டு விடிய பஸ் ஏறினோம்.

பிளாட்பாரம் நான் நொண்டி விளையாடின காலத்தில் இருந்த அதே நீளம்தான் மாமா. கூரையும் இல்லை. நான் கோபித்துக்கொள்ளவில்லை. இங்கிருந்து எந்த ஊருக்கு அனுப்புவார்களோ தெரியாது. தெரிந்ததும் எழுதுகிறேன்.

பாலாமணி

*

மாத்தளை,
06.11.1983

என் தங்கமான மருமகளுக்கு,

எல்லாம் அந்த டிரைவர் செய்த வேலை. புது ஆள், நிறுத்தத் தெரியாமல் பின்னாலே நிறுத்திவிட்டான். அவனுக்கு நான் விட்ட ஏச்சில் இன்றைக்கும் இந்தப் பக்கம் வரப் பயப்படுகிறான். நீ பார்த்தது பழைய பிளாட்பாரத்தின் ஒரு மூலையாக இருக்கும். பின்னேர வெயிலில் கண் கூசினால் சீமெந்துகூடத் தண்ணீர் மாதிரித்தான் தெரியும்.

அன்றைக்கு மூன்று கோப்பை கழுவி வைத்திருந்தேன். சின்னவளுக்குப் பலாச்சுளையும் தேனும் வாங்கியிருந்தேன். ரயில் போன பிறகு எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் மக்கீன் வந்து, "வாங்க அண்ண, அடுத்த வண்டியில வருவாங்க" என்றார். அன்றைக்கு அடுத்த வண்டி இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புது விலாசம் போடு.

உன் மாமன்,
இராசமாணிக்கம்

*

மாத்தளை,
19.07.1992

மருமகள் பாலாமணிக்கு,

கப்பல் நின்று எத்தனையோ வருஷமாயிற்று. உன் கடிதங்களும் அந்தக் கரையிலேயே நிற்கின்றனவோ என்னவோ. என்னிடம் முகாம் விலாசம்தான் இருக்கிறது, அதற்கே போடுகிறேன். அங்கே யாராவது உன்னைத் தெரிந்தவர் இருப்பார்.

இடையிலே இங்கே கெட்ட காலம். ரயில் வராத நாட்களும் இருந்தன, வந்தும் ஆள் இறங்காத நாட்களும் இருந்தன. இப்போது பழையபடி கூட்டம். கண்டிக்குப் போகும் பெண்பிள்ளைகள் மட்டும் ஒரு பட்டாளம். எனக்குப் பென்சன் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் நான் போய் நிற்காவிட்டால் ஸ்டேஷன் நடக்காது.

மகள், பிளாட்பாரத்தை நீட்டிவிட்டார்கள். ஓடைப் பாலத்தையும் தாண்டி. கூரையும் போட்டாயிற்று. இஞ்சினியர் என்னைக் கேட்டுத்தான் அளந்தார். பாலத்தின் மேல் சீமெந்து போடும்போது நான் பக்கத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடி மட்டும் இல்லை.

நீ நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால் மக்கீன் மாஸ்டரிடம் கீழே எழுதி வாங்கியிருக்கிறேன். எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் ஏறி வா.

உன் மாமன்,
இராசமாணிக்கம்

மேலே சொன்னபடி பிளாட்பாரம் நீட்டப்பட்டிருப்பது உண்மை. இஞ்சினியர் இவரைக் கேட்டு அளந்ததாக எனக்குத் தெரியாது. பின்னேர ரயிலுக்கு இவர் குடையோடு கடைசிப் பெட்டி நிற்கும் இடத்தில் போய் நிற்பதும், எல்லாரும் இறங்கிய பிறகே என்னைக் கொடி காட்ட விடுவதும் உண்மை.

ஏ. மக்கீன்,
ஸ்டேஷன் மாஸ்டர்